என்னைக் கேட்காமல் போகாதீர்கள்

அயர்லாந்துக்கு வந்த முதல் வாரத்தில், நன்றாக இருந்த ஒரு கட்டிலை ரிப்பேர் பார்க்கப் போய் அசடு வழிந்தவள் நான். வார்டின் கோடியில், விரிப்பின் மடிப்புக்கூடக் கலையாமல் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. வெளியே தாழ்வாரத்தில் டிராலி மேல் ஒரு பெரியவர் காலையிலிருந்து படுத்திருந்தார். அவரை உள்ளே கொண்டுவரலாமே என்று வார்டு மேனேஜர் மொய்ராவிடம் கேட்டேன். அதில் இன்றைக்கு யாரையும் போட முடியாது என்றாள். உடைந்திருக்கும் போல என்று நினைத்து, குனிந்து சக்கரத்தை உருட்டினேன், பிரேக்கை மிதித்தேன், தலைமாட்டை ஏற்றி இறக்கினேன். எல்லாம் எண்ணெய் போட்டதுபோல் வேலை செய்தன. "கட்டிலுக்கு ஒன்றுமில்லை. அதைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் இல்லை" என்றாள் மொய்ரா. நான் சிரித்துவிட்டேன். அவள் தமாஷ் செய்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று அங்கே கணக்கு. அதற்கு மேல் ஒருவரைச் சேர்ப்பது பாவம் என்பதுபோல அவர்கள் பேசுவார்கள். அவள் முகம் சிவந்ததைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் சிரித்தேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அதற்கு முன் ஐந்து வருடம் நான் வேலை பார்த்தது மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். சின்ன இடம். அங்கே நோயாளி ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரு கீறாங்க?" என்பதுதான். கூட ஆள் இருந்தால் கட்டில் இல்லாவிட்டாலும் இடம் உண்டு, பாய் போட்டுக்கொள்ளலாம். பாட்டிலில் மருந்து தீர்ந்தால் ஓடிவந்து சொல்வது அந்த ஆள். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் அந்த ஆள்தான். முப்பது பேருக்கு ஒரு நர்ஸாக நான் நின்ற நாட்களில் என் வார்டை நடத்தியது மனைவிகளும் மைத்துனர்களும்தான். அது பெருமை இல்லை. ஆனால் அதைத்தான் நாங்கள் ஆஸ்பத்திரி என்று அறிந்திருந்தோம். அங்கே மூச்சு கொடுக்கும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒருத்தி நான். பயிற்சிச் சான்றிதழின் மை காய்வதற்குள் விசாவுக்கு மனுப் போட்டுவிட்டேன்.

பன்றிக் காய்ச்சல் வந்த வருடம் நான் அயர்லாந்தில் பழகிப் போயிருந்தேன். அங்கே ரேடியோவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒரே பாட்டு: காய்ச்சலா, வீட்டிலேயே இரு. தண்ணீர் குடி, மாத்திரை போடு, ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு பேருக்கு ஒட்டவைக்காதே. நியாயமான பேச்சு. யாருக்காவது மூச்சு வாங்கினால் பத்து நிமிடத்தில் ஆக்சிஜனோடு வண்டி வாசலில் நிற்கும் ஊர் அது. அந்தப் பாதியை யாரும் சுவரொட்டியில் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அப்போதுதான் நெம்மேலியிலிருந்து என் தங்கை வசந்தி போன் செய்தாள். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவள் ஒருத்திதான். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவளுக்கு வேலை. அவள் கணவன் செல்வம் அதே சாலையில் கம்பெனிக்காரர்களை ஏற்றிப்போகச் சொந்த வேன் ஓட்டினான். வசந்திக்கு முப்பது வயது, தலைவலிக்குக்கூட மாத்திரை தேடாதவள். "ரெண்டு நாளா ஜொரம்க்கா. ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்டா மாதிரி கீது. இவரு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு பேஜாரு பண்ணிகினு கீறாரு" என்றாள். செல்வத்திடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும். வீட்டில் ஒருத்தி நர்ஸாகிவிட்டால் பிறகு எவருக்கும் எதுவும் அவளைக் கேட்டுத்தான். அவள் வெளிநாட்டு நர்ஸாகிவிட்டால் கேட்கவே வேண்டாம், டாக்டர் சொன்னதையே அவள் ஒருமுறை சரியென்று சொல்ல வேண்டும். எனக்கும் அந்த மரியாதை ருசித்துப் போயிருந்தது. "செல்வம், இப்ப அங்கெல்லாம் கூட்டம். போனா இல்லாத நோவும் ஒட்டிக்கும். வூட்லயே வச்சிப் பாரு. என்னைக் கேக்காம எங்கயும் தூக்கினு ஓடாத" என்றேன். "சரிக்கா, நீ சொன்னா சரி" என்றான். ஆழம் தெரிந்துதான் காலை விட்டேன். எந்த ஆறு என்பதைத்தான் மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வார்டுக்குள் போக வேண்டும் என்பது விதி. காலை இடைவேளையில் பெட்டியைத் திறந்தால் பதினோரு அழைப்புகள், எல்லாம் செல்வம். முதல் அழைப்பு எனக்கு விடியற்காலை, வண்டியில் வேலைக்கு வந்துகொண்டிருந்த நேரம். கைப்பையின் அடியில் கிடந்த போன் எனக்குக் கேட்கவில்லை. மூச்சு வாங்கும் மனைவியை மடியில் சாய்த்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் சொந்த வேனை நிறுத்தி வைத்துக்கொண்டு, அவன் என் ஒரு வார்த்தைக்காக மூன்று மணி நேரம் காத்திருக்கிறான். உதடு நீலமான பிறகுதான் என்னை மீறித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். நான் வேலை பார்த்த அதே மருத்துவமனைக்கு. அங்கே அக்காவைத் தெரியுமே என்று.

தாழ்வாரத்தில் நின்று கூப்பிட்டேன். செல்வத்தின் போனை எடுத்தது ஜெயந்தி என்ற நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதென்றாள். டாக்டர் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார் என்றாள். "அப்போ மெஷின்ல போடும்மா! மெஷின் கீதே!" என்று கத்தினேன். "கீதுக்கா. அத்தப் பாத்துகினு இருந்தவங்க போன மாசம் துபாய் போய்ட்டாங்க. பாக்க ஆள் இல்லாம போட்டா கொன்னதா ஆயிடும், பையாலயே அமுக்குங்கன்னு டாக்டர் சொல்லிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாரு. மெட்ராஸ்ல கேட்டோம், எங்கயும் எடம் இல்ல. எனக்கு இன்னும் எட்டு பேரு கீறாங்கக்கா. நான் ஒருத்திதான்." அவள் அழுதாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்யதை? மெஷினுக்கு ஆளாக அங்கே நின்றிருக்க வேண்டியவளே நான்தானே.

தொற்று என்பதால் கூட ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அந்த வாரம்தான் சட்டம் போட்டிருந்தார்களாம். நர்ஸும் இல்லை, கூட ஆளும் இல்லை என்றால் அந்த அறைக்குள் யார்தான் இருப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. டாக்டர் போனதுமே ஜெயந்திதான் சட்டத்தை ஒதுக்கிவிட்டுச் செல்வத்தின் வாயில் துணியைக் கட்டி உள்ளே இழுத்திருந்தாள். ரப்பர் பந்துபோல் ஒரு பை. அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். போனைக் காதோரம் இடுக்கிக்கொண்டு அவன் அமுக்க, இங்கிருந்து நான் எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு, அமுக்கு. வுடு. வேகமா வேணாம் செல்வம். நெஞ்சு ஏறுதா பாரு." "ஏறுதுக்கா." "கை மாத்திக்கோ." "வேணாம்க்கா, நானே பண்றன்." மொய்ரா வந்து என் தோளைத் தொட்டாள். என்ன மொழியில் எதை எண்ணுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஊரில் யாருக்கோ மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்து, நல்லது நல்லது என்று தலையசைத்து, தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அங்கே பொழுது சாயும் நேரத்தில், எனக்கு மதியம், "ஏறுதுக்கா" என்று சொல்வதைச் செல்வம் நிறுத்தினான். பின்னால் ஜெயந்தியின் குரல், "வுட்ருங்கண்ணா, போதும்ண்ணா" என்றது. அவன் மறுபடி அமுக்கும் சத்தம் கேட்டது. நானும் எண்ணினேன். பிறகு போன் அணைந்துவிட்டது.

காரியத்துக்கு நான் போனது படாளத்துக்கு, செல்வத்தின் சொந்த ஊருக்கு. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால் கொஞ்சம் நிமிர்ந்திருப்பேன். வந்தவர்களிடமெல்லாம், "அயல்நாட்லேர்ந்து போன்லயே வைத்தியம் பாத்தாங்கப்பா, வேற யாரு செய்வாங்க?" என்று என்னை உயர்த்திப் பேசினார்கள். செல்வம் மட்டும் ஒருநாள் கிணற்றடியில் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "நான் நிறுத்தலக்கா. அவங்கதான் நிறுத்தச் சொன்னாங்க." அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு வரவில்லை.

நான் விமானம் ஏற வேண்டிய நாள் மதியம் செல்வம் என் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டுப் பூங்கொடி ஓடிவந்தாள். கைப்பிடித்து இழுத்து வந்த கணவன் நடுங்கிக்கொண்டிருந்தான். "எங்கூட்டுக்காரருக்கு மூணு நாளா ஜொரம்க்கா. இன்னா பண்றது? தூக்கினு போவட்டா, வூட்லயே வச்சிக்கட்டா? நீ சொல்லு." தெருவே என் வாயைப் பார்த்தது. வீட்டில் வைத்துக்கொள் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அழைத்துப் போ என்றால் அங்கே என்ன இருக்கும் என்பதும் தெரியும். "வண்டில ஏறு. போற வழில செங்கல்பட்டு ஆஸ்பத்திரில எறக்கி வுட்றேன்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் வெளிச்சுவர் வரை நின்றது. பூங்கொடி புருஷனை இறக்கி, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கத்து முன்கதவைத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் இறங்கி வருவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நர்ஸ் அல்லவா. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மொய்ராவின் பட்டியலில் என் பெயர் இருந்தது. நான் போகாவிட்டால் அங்கேயும் யாரோ ஒரு கிழவர் தாழ்வாரத்தில் கிடப்பார்.

"எறங்குறியாக்கா?" என்றான் செல்வம், திரும்பிப் பார்க்காமல். எஞ்சினை அவன் அணைக்கவில்லை.

நான் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். இம்முறை அவன் என் வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. என் குறுக்கே கையை நீட்டி, அவள் பிடியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தி, கியரைப் போட்டான். பூங்கொடி புருஷனைத் தாங்கியபடி, வேன் சற்றுத் தள்ளி நிறுத்தப் போகிறது என்று நினைத்து, எங்கள் பின்னாலேயே நாலடி நடந்து வந்தாள்.