வரிசை பிடித்து நின்ற கள்ளிகள்

ஸெனோன் குவாராயோவுக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் ஐக்கிலே ஊர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த மனிதர் பத்தொன்பது வருடம் ஒரே பொய்யைச் சொன்னார். அந்தப் பொய்க்கு ஜீப் ஓட்டியவன் நான். என் மூத்த மகளுக்கு அவர் ஞானத்தகப்பன், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

எங்கள் மலைகளில் கட்டைவிரல் பருமனில் ஒரு கள்ளி உண்டு. மழை இல்லாத மாதங்களில் மண்ணுக்குள் இறங்கிவிடும், மேலே நடந்தாலும் தெரியாது. நவம்பரில் பூத்தால்தான் கண்ணில் படும். அப்போது அதைத் தேடி செக் நாட்டுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் வந்து முட்டிபோட்டுத் தவழ்வார்கள். சுல்கோரெபுட்டியா என்று அதை ஒரு தனிப் பேரினமாக வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் இல்லை, அது ரெபுட்டியாவில் சேர்த்தி என்றார்கள். அதற்கும் பிறகு வந்தவர்கள் வைன்கார்ட்டியா என்றார்கள். ஒவ்வொரு மலைக்கும் ஓர் இனப் பெயர் வேறு. இவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா என்று நான் பல தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

ரோட்டோரக் குன்றில் உள்ளது ஊதாப் பூ. யானா காகா என்ற தூரத்து மலையில் மட்டும் மஞ்சள். அதை முதலில் பார்த்தது ஸெனோனின் மனைவி ஹிலாரியா, ஆடு மேய்க்கப் போனபோது. விலெம் என்ற செக்காரர் அதைத் தனி இனம் என்று எழுதி, அவள் பெயரையே வைத்தார்: ஹிலாரியே. அவள் ஒரு வாரம் சிரித்தாள். "இருபது வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணியும் உனக்குப் புரியல. ஒரே நாள்ல அந்தச் செக்காரன் நான் முள்ளுன்னு கண்டுபிடிச்சிட்டான் பாரு" என்று புருஷனைக் கிண்டலடித்தாள்.

அதற்கப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் ஹிலாரியேதான் வேண்டும். யானா காகாவுக்கு ஏற நாலு மணி நேரம், இறங்க மூணு. ஸெனோன் அலுக்காமல் கூட்டிப்போனார். பிறகு ஹிலாரியாவுக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகன் அர்ஜென்டினாவுக்குப் போனவன் போனவன்தான். ஊட்டிவிடக்கூட வீட்டில் ஆள் இல்லை. ஸெனோன் அவளுடைய சுமைத்துணியிலேயே நாற்பது மஞ்சள் பூச்செடிகளைக் கட்டி இறக்கி, ரோட்டோரக் குன்றில் நட்டுவிட்டார். வந்தவர்களிடம் இதுதான் அந்த இடம் என்றார். அவர்களும் படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். அவர் மதியத்துக்குள் வீடு திரும்பி அவளுக்கு சூப் கொடுத்தார். ஏழு வருடம் இப்படி. அவள் செத்துப்போன பிறகு அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, பொய்யை நிறுத்த முடியவில்லை.

போன நவம்பரில் கோச்சபாம்பா பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் மார்லேனே ஹால்தீன் வந்தார். யானா காகாவின் செடிகளை யாரோ எடுத்த படங்களில் பார்த்ததோடு சரி. ரோட்டோரக் குன்றில் மூன்று நாள் ஒவ்வொரு செடியாக அளந்து எழுதினார். மூன்றாம் நாள் அவித்த சோளமும் காய்ந்த இறைச்சியும் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். மஞ்சள் தனி இனம் கிடையாது. இங்கே இரண்டும் கலந்து நிற்கின்றன, நடுவில் ஆரஞ்சு நிறத்தில் எல்லாச் சாயலும் இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒன்று, ஊதாவுக்கு முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

ஸெனோன் மெல்லுவதை நிறுத்தினார். ஹிலாரியாவின் பெயரை அழித்துவிடுவீர்களா என்று கேட்டார்.

"அழிக்க மாட்டோம், டோன் ஸெனோன். இன்னொரு பேருக்குக் கீழ சின்ன எழுத்துல போட்ருவோம்."

கல்லறையில் அவளுடைய மரச்சிலுவையை மழை தின்றுவிட்டது. அவளை ஊரில் நினைப்பவர்கள் நாங்கள் இரண்டு மூன்று பேர். அந்தப் பெயர் எழுதி நிற்கிற ஒரே இடம் இந்த முள்தான். அவர் சொல்லிவிடப் போகிறார் என்று முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இனி ஒருவனும் எங்களை நம்பி வரமாட்டான், அவருக்கும் பிழைப்பு போச்சு, எனக்கும் போச்சு. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டரம்மா, இங்க இருக்கிற மஞ்சப் பூவெல்லாம் நான் நட்டது."

டாக்டர் நம்பவில்லை. மனைவி பெயர் போகக் கூடாது என்று கிழவர் கதை கட்டுகிறார் என்றுதான் நினைத்தார். அதை மரியாதையாகவே சொல்லவும் செய்தார்.

ஸெனோன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு வெள்ளைக் கல்லருகே போய் நின்று, ஒரு பாதம் வைத்து, அடுத்த பாதம் வைத்து நடந்தார். இரண்டு பாதத்துக்கு ஒரு மஞ்சள் செடி. சில இடங்களில் செத்துப்போய்க் குழி மட்டும் இருந்தது. வரிசை முடிந்ததும் ஒரு எட்டு தள்ளி நின்று திரும்பி நடந்தார். அங்கேயும் அப்படியே.

"நாங்க உருளைக்கிழங்கு நடுறது இப்படித்தான். என் கைக்கு வேற அளவு தெரியாது. சிதறிக் கிடக்கிற ஆரஞ்செல்லாம் ரெண்டும் கலந்து அப்புறம் பொறந்தது."

மூன்றாவது வரிசையில் டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் அளந்தவர் கண்ணில் அது படவில்லை. எங்கள் ஊரில் கிழங்கு நடுகிற எந்தப் பெண்ணும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாள். ஏன் நட்டீர்கள் என்று கேட்டார். ஸெனோன் சூப்பைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான் சொன்னார். டாக்டர் தான் எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார்.

யானா காகாவைப் பார்க்காமல் இனி ஒரு வரியும் எழுத முடியாது என்றார். இப்போதைக்குப் பெயர் நின்றாலும் நாளைக்கே வேறு யாராவது வேறு சோதனை செய்து மறுபடி சேர்த்துவிடலாம், அதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னார். ஸெனோன் தலையாட்டிவிட்டு, வழி தானே காட்டுவதாகச் சொன்னார். வழியில் உயிரை விடுவதற்கா என்று நான் கத்தினேன். எனக்கு அவர்மேல் கோபம், முட்டிமேல் கோபம், பெயரை வைத்துவிட்டுச் செத்துப்போன அந்தச் செக்காரர்மேலும் கோபம்.

மறுநாள் விடிந்ததும் ஏறினோம். நூறு அடிக்கு ஒரு தடவை அவர் உட்கார்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. பாதி வழியில் டாக்டரால் பொறுக்க முடியவில்லை.

"போதும், டோன் ஸெனோன். திரும்பிடலாம். மேல போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிடும்."

அவர் களைப்புக்கு மெல்லும் கொக்கா இலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, கீழே தெரிந்த தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

"ஆகட்டும்மா. மத்தியானத்துக்குள்ள போகணும்னுதானே அத்தனையும் செஞ்சேன். இப்ப அங்க யாரு காத்துக்கிட்டிருக்கா? மெதுவாவே போகலாம்."

நாங்கள் இருவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.