தொப்பிச் சின்னத்தின் பின்பக்கம்

அல்சூரில் ஒருவர் பட்டாள ரெஜிமென்ட்டுகளின் பழைய தொப்பிச் சின்னங்களை வாங்கி விற்றுவந்தார். முறுக்கிய மீசை, இஸ்திரி கலையாத சட்டை. எதைக் கொடுத்தாலும் முன்பக்கம் பார்க்கமாட்டார். திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவுவார்.

ஊர் ஊராகச் சுற்றி, நீலசந்திராவில் தங்கி மூட்டை தூக்கிய நாட்களில், அப்பாவின் சின்னத்தை அவரிடம் காட்டினேன். விற்பதற்கு அல்ல. அப்பா பட்டாளத்தில் இருந்தார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. உறவுக்காரர்கள் யாரும் அதை நம்பியதில்லை.

"போலிப்பா. அசல்னா அச்சுல அடிச்சிருப்பாங்க, பின்னால வழவழன்னு இருக்கும். இது உருக்கி வார்த்தது. அம்மைத் தழும்பு மாதிரி குழி பாரு."

குழியா அழுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கப்பா தொப்பியில இருந்தது சார்."

"எந்த அப்பன் மகன்கிட்ட நிஜம் சொல்றான்? போட்டுட்டுப் போ, பித்தளைக்காவது ஆகும்."

பொய்யை ஏன் சுமக்க வேண்டும் என்று போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, அதே சின்னத்தை ஒரு வாடிக்கையாளரிடம் நீட்டி, "அசல் சார், பின்னால தடவிப் பாருங்க" என்றார். நான் கட்டிய சிவப்பு நூல்கூட அதில் இருந்தது. என்னைப் பார்த்தும் அவர் குரல் மாறவில்லை.

அவர் ஏமாற்றியது என்னையா, அந்த வாடிக்கையாளரையா என்று இன்றும் தெரியாது. என்னைத்தான் என்றால், அப்பா சொன்னது நிஜம். அதனால் என்னையே ஏமாற்றியிருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.