கரட்டுக் குகையில் உட்கார்ந்திருந்தோம்

அன்றைக்குக் குகையில் இருந்தவர்கள்: நான். என் நாத்தனார். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் எங்களோடு கிழங்குத் தோல் சீவுகிற அக்கா. அவள் தங்கை. சாமிக்கு விளக்குப் போடும் பூசாரி. என் கொழுந்தன். சென்னையிலிருந்து வந்த மேடம். அவருடைய படமெடுக்கும் மெஷினை ஓட்டிய, இளம்பிள்ளை ஊர்க்காரர்.

எங்கள் ஊர்க் கரடு சின்னப் பாறைக்குன்று; அதன் மேலே அந்தக் குகை. சுவரில் செங்காவி நிறத்தில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். மேடம் அவரைப் புத்தர் என்றார். நாங்கள் உட்கார்ந்த சாமி என்போம். அதில் சண்டை இல்லை.

சண்டை விளக்கில் வந்தது.

முந்தின நாள் விளக்கையும் மணியையும் வெளியே வைக்கச் சொல்லிச் சோதனைக்கு எடுத்தார்கள். மூன்று கால் மேல் ஒரு பெட்டி. தானாகச் சுற்றும். சுவரை அளந்து படமாக்கும். லேப்டாப்பில் குகை அப்படியே நின்றது. விரலால் திருப்பிப் பார்க்கலாம். அழகாகத்தான் இருந்தது.

"எங்க வெளக்கு எங்கீங்க?" என்றேன்.

"அது பழசு இல்லைம்மா. ஓவியம் மட்டும்தான் வேணும். விளக்குப் புகை வேற சுவரைக் கெடுக்குது."

புகையைச் சொன்னது நியாயம். விளக்கைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கப் பூசாரி ஒத்துக்கொண்டார். விளக்கே இல்லை என்று காட்ட நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கரட்டிலும் இப்படித்தான் படம் எடுத்தார்கள். பிறகு கம்பிக் கதவு போட்டார்கள். கும்பிடப் போனவர்களிடம் படத்தைக் காட்டி, இங்கே பூசை நடந்த அடையாளமே இல்லையே என்றார்கள். இன்றைக்கும் அந்த ஊர்க்காரர்கள் கதவுக்கு வெளியேதான் கற்பூரம் கொளுத்துகிறார்கள்.

டீ குடிக்கும்போது மெஷின்காரரிடம் கேட்டேன். "ஆடு குறுக்க வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க அக்கா. மெஷினை எடம் மாத்தி மாத்தி வெச்சு எடுக்கறமில்ல? நகர்றதையெல்லாம் கம்ப்யூட்டர் தானா கழிச்சிரும். கடைசி வரைக்கும் அசையாம இருந்தாத்தான் படத்துல நிக்கும்."

அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போனார். நான் நாத்தனாரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவர்களுக்கு முன்னால் ஏறினோம். ஓவியத்தை மறைக்கவில்லை. எதிர்ப் பக்கம் வெறும் பாறை. அதை ஒட்டி வரிசையாக உட்கார்ந்தோம். பூசாரி நடுவில். அவர் முன்னால் விளக்கு.

மேடம் வந்து நின்றார். "என்னம்மா இது? எழுந்திருங்க. மெஷின் வாடகைக்கு வந்தது. சாயங்காலம் திரும்பப் போயிடும்."

"அதுக்குள்ள எடுத்துக்குங்க. நாங்க பாட்டுக்கு இருக்கறம்."

"உங்களை விளக்கோட தனியா ஒரு போட்டோ எடுத்துத் தர்றேன்."

"தனி போட்டோ தனியாவே போயிருமுங்க."

என்னை இழுத்துப்போகக் கொழுந்தன் வந்தான். "ஏன் அண்ணி, இருக்கற சாமி பத்தாதுன்னு நீங்களும் செலையா உக்காந்துட்டீங்களா?"

"உன்னால உக்கார முடியாது. நீ போ."

"நானா? மில்லுல கெழங்கு சீவறவங்களே உக்காரறீங்க. நீங்க எந்திரிக்கற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன்." அக்காவின் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மேடம் வெகுநேரம் யாருடனோ போனில் பேசினார். பிறகு, "ஆரம்பிங்க" என்றார்.

பெட்டி சுற்றியது. நின்றது. இடம் மாற்றினார்கள். மறுபடி சுற்றியது. என் முழங்காலில் எறும்பு ஏறியது. விட்டேன். கால் மரத்தது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. கொழுந்தனின் போன் அடித்தது. முதல் தடவை சும்மா இருந்தான். இரண்டாம் தடவை, "லோடு வந்திருச்சாட்ட இருக்குது" என்று எழுந்து வெளியே ஓடினான். யாரும் தலையைத் திருப்பவில்லை. மத்தியானம்தான் எழுந்தோம். என்னை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள்.

சில மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பாட்டு, பேச்சு, குகை எல்லாம் வந்தது. உட்கார்ந்த சாமியைப் பக்கத்தில் பார்த்தோம். மேலே இரண்டு தாமரை இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் எழுந்தேன்.

"அந்தப் பக்கம் திருப்புங்க."

மேடம் திருப்பினார். பாறை. விளக்கு. அசைந்த சுடர் மட்டும் அதில் விழவில்லை. எரியாத விளக்கைச் சுற்றி யார் உட்காருவார்கள்? பக்கத்தில் நாங்கள்.

"இதைக் கையால அழிக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"அழிக்கலாம். ஆனா நீங்க இருந்த இடத்துல கறுப்பா ஓட்டை விழும். பின்னால இருக்கற பாறை பதிவாகலை." கொஞ்சம் சிரித்தார். "நான் அழிக்கலைம்மா. இப்படியேதான் எல்லா இடத்துக்கும் அனுப்பியிருக்கேன்."

கொழுந்தன் முன்னால் போய்த் திரையைத் தடவினான். "அண்ணி, நான் எங்க?"

"லோடு எறக்கப் போயிட்ட."

பள்ளிக்கூடமே சிரித்தது. குகைக்கு இன்றுவரை கதவு வரவில்லை. வந்தால் சாவியில் எங்களுக்குப் பங்கு உண்டு. இங்கே பூசை உண்டா என்று கேட்பவர்களுக்குப் படத்தைக் காட்டுவேன். எண்ணிக்கொள்ளட்டும்.

ஐந்து பேர்.