ஏழு மணி மிஸ்டு கால்

செல்போன் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஒரு பி.பி. நம்பர். அதாவது, நம்முடையது இல்லாத நம்பர். கீழே வீட்டு ஓனர் போனுக்கு எனக்காக யாராவது கூப்பிட்டால், ஓனரம்மா மாடிப்படிக்குக் கீழே நின்று, "மேல இருக்கறவங்களே, உங்களுக்கு போனு!" என்று ஒரு குரல் கொடுப்பார். எனக்குப் பேரே கிடையாது, மேலே இருக்கிறவள்தான். செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ரிசீவரை எடுத்தால், ஹாலில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் டிவியை விட்டுவிட்டு என் வாயையே பார்ப்பார்கள். "நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? சரி, வச்சிடறேன்." அந்தக் கும்பலுக்கு நடுவில் வேறு என்னத்தைப் பேசுவது?

என்னைக் கூப்பிடுகிறவள் ஒரே ஒருத்திதான், என் தங்கை. கல்யாணம் கட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு கீழ்பென்னாத்தூர் வீட்டையும் விற்றாயிற்று. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தேன், எதுவும் உண்மை இல்லை. மாவட்டம் பிரிந்து ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் சர்க்கார் ஆபீஸ்கள் வந்த சமயத்தில் டைப்பிஸ்ட்டாக உள்ளே போனவள், அப்படியே இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். சின்னக்கடைத் தெரு பக்கம் மாடியில் ஒரு ரூம், ஒரு சமையலறை. ஆபீசில் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. என் வாய்க்குப் பயந்து ரெண்டு பேர் சீட்டையே மாற்றிக்கொண்டார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலையில் கண்டக்டரிடம் "ஒரு வேங்கிக்கால்" என்று சொல்கிற வரைக்கும் வாய்க்கு வேலையே இருக்காது.

அப்புறம் செல்போன் வந்தது. முதலில் ஆபீசருக்கு, பிறகு கிளார்க்குகளுக்கு, கடைசியில் டீ கொண்டுவருகிறவருக்கு. எனக்கு மட்டும் என்ன கேடு என்று நானும் ஒருநாள் தேரடி வீதியில் ஒரு கடையில் ஏறினேன்.

"மேடம், இது கலர் டிஸ்ப்ளே. இதுல போட்டோ எடுக்கலாம். இதுல பாட்டு கேக்கலாம்" என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"யாரப் போட்டோ எடுக்கறது? அதெல்லாம் விடுங்க. எதுல மணி சத்தம் ஜாஸ்தி?"

மனுஷன் ஒவ்வொரு போனாக அடிக்கவிட்டுக் காட்டினார். எது அடித்ததும் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களோ, அதைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுவா மேடம்? இது வயசானவங்க வாங்கற மாடலு."

"நான் மட்டும் என்ன குமரியா? பில்லப் போடுங்க."

நம்பரைச் சொல்லத் தங்கையைக் கூப்பிட்டேன். அவள்தான் ஏற்பாடு சொன்னாள். "அக்கா, இது வெளி ஸ்டேட்டு, பேசினா காசு பிச்சிக்கும். தினமும் ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன். எடுத்துடாத, என்னா? வந்துச்சுன்னா நாங்க நல்லா இருக்கோம்னு அர்த்தம். நீயும் திருப்பிக் குடு. பேசறதுக்குத்தான் ஞாயித்துக்கெழம இருக்குதே."

ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்ச நாள் ஓடின. பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்காரருக்கு ஷிப்ட், நாத்தனார் வந்திருக்கிறாள் என்று ஆகி, பேச்சு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று வந்து நின்றது. நான் குறை சொல்லவில்லை, குடும்பம் நடத்துகிறவளுக்கு ஆயிரம் இருக்கும். ஏழு மணி மணிச்சத்தம் மட்டும் தவறியதே இல்லை.

அதற்காக நான் பண்ணின கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆறரைக்கே சோறு வடித்துவிட்டு, முகம் கழுவி, பொட்டுகூட வைத்துக்கொள்வேன். யார் பார்க்கப்போகிறார்கள்? டவர் ஜன்னல் பக்கம்தான் கிடைக்கும், அதனால் போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மூன்று தடவை அடிக்கும், நின்றுவிடும். அந்த மூன்று அடிக்குள் எனக்கு எல்லாம் தெரியும்: அவள் அடுப்படியில் நிற்கிறாள், ஈரக் கையை நைட்டியில் துடைக்கிறாள், என் பேரைத் தேடி அழுத்துகிறாள். இந்த நேரத்துக்கு உலகத்தில் ஒருத்தி என்னை நினைக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் மீதிப் பொழுதைத் தள்ளினேன். "தனியா இருக்கீங்களே, கஷ்டமா இல்லையா?" என்று ஆபீசில் யாராவது கேட்டால், "என் தங்கச்சி டெய்லி போன் பண்றா, தெரியுமா?" என்பேன். மிஸ்டு கால் என்று சொன்னதில்லை.

ஒரு கார்த்திகை தீபத்தன்று அது வரவில்லை.

தீபத்தன்று எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. ஓனர் வீட்டுச் சொந்தபந்தம் முழுக்க மொட்டை மாடியில் ஏறிவிட்டது. என் வாசலெல்லாம் அவர்கள் செருப்பு. "நீங்களும் வாங்களேன்" என்றார் ஓனரம்மா. போய் ஓர் ஓரமாக நின்றேன். மலையில் ஜோதி ஏறியதும் "அரோகரா" என்று ஊரே கத்தியது. கத்தி முடித்த கையோடு எல்லோரும் போனைக் காதில் வைத்தார்கள். "ஹலோ, ஏத்திட்டாங்க! ஹலோ, கேக்குதா?" யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. அத்தனை லட்சம் ஜனமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் டவர் என்ன செய்யும், பாவம்.

ஏழு ஆனது, ஏழரை ஆனது. கைப்பிடிச் சுவருக்கு மேலே போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். நானே கூப்பிட்டாலும் கீச்சென்று ஒரு சத்தம் வந்து அறுந்துபோனது. எங்கிருந்துதான் வருதுகளோ இத்தனை ஜனம் என்று சாமி கும்பிட வந்தவர்களை எல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அங்கே அவள் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு இருப்பாளே, அக்காவுக்கு என்ன ஆச்சோ என்று பதறுவாளே! கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. எனக்காக ஒருத்தி பதறி எத்தனை காலம் ஆயிற்று!

மறுநாள் காலையில் காபிக்குப் பால் வைத்திருந்தேன். போன் அடித்தது. விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிடுகிறாளே, ராத்திரி தூங்கினாளோ என்னவோ. காசாவது மண்ணாவது! பாய்ந்து போய் முதல் மணியிலேயே எடுத்தேன்.

"நான் நல்லா இருக்கேன்டி! ஒண்ணும் பயப்படாத. நேத்து டவர் ஜாம்..."

"ஐயோ பெரிம்மா! எதுக்கு எடுத்தீங்க? காசு போயிடும், கட் பண்ணுங்க!"

தங்கை மகள். கிசுகிசுவென்று பேசியது குழந்தை.

"அம்மா எங்கடி?"

"குளிக்கறாங்க. பெரிம்மா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நேத்து நான் டிவி பாத்துட்டு மறந்துட்டேன். அம்மா கேட்டப்போ குடுத்துட்டேன்னு பொய் சொல்லிட்டேன். அதான் இப்ப குடுத்தேன்."

"டெய்லி நீதான் குடுக்கறியா?"

"ஆமா. ரெண்டாவது படிக்கறப்பலருந்து நான்தான். அது என் வேல. பால் பாக்கெட் எடுத்தாறது, குப்பய வெளிய வைக்கறது, உங்களுக்கு மிஸ்டு கால் குடுக்கறது."

இப்போது அது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தது.

கூப்பிடு உன் அம்மாவை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆபீசையே நடுங்க வைத்த வாய்தான், ஆனால் எழும்பவில்லை. சொன்னால் என்ன ஆகும்? தங்கை குழந்தையை ரெண்டு அடி போடுவாள். என்னிடம் அழுவாள். ஒரு வாரம் அவளே கூப்பிடுவாள். அதற்கப்புறம்? அவளுக்கு நேரம் இல்லை, குழந்தையும் கோபித்துக்கொண்டு விட்டுவிடும். என் ஜன்னலில் எந்தச் சத்தமும் வராது. நினைத்ததுமே பயந்துபோனேன். அழுகையாக வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"பெரிம்மா? சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்டி கண்ணு."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அது போனை வைக்கப்போகிறது என்று தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பத்தைந்து வயசுக்காரி, பத்து வயசுக் குழந்தையிடம் கெஞ்சிக் கேட்டேன்.

"ஏன்டி கண்ணு, இனிமேலும் டெய்லி குடுப்பதான?"

"பரிட்சை இல்லாதப்ப குடுக்கறேன், பெரிம்மா."