ராஜம்மாவின் சார்சி

இன்று என் மனைவி ராஜம்மாவுக்குத் திதி. கிள்ளான் கடைத்தெரு முழுக்கத் தேடி, கண்ணாடி போத்தலில் சார்சி சோடா வாங்கி வந்தேன். பாதிக்குப் பாதி, அதே கறுப்பு நிற ஸ்டவுட் பீரில் கலந்து படையலில் வைத்தேன்.

சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்த மகள் அலறினாள்.

"அப்பா! அம்மா பீர் குடிப்பாங்களா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் லா. ஒங்ககிட்ட வெறும் சார்சின்னு சொல்லுவா."

"ஐயோ, ஒரு வாய் கேட்டு எத்தன நாள் அழுதிருக்கேன்!"

"அதான் கடைசி வரைக்கும் தரல."

ராஜம்மா வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டித் திறந்தால், கிளாஸில் இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது.

"நொர அடங்கிருக்குப்பா," என்றாள் மகள். ஆனாலும் என்னைத்தான் முதலில் உள்ளே தள்ளினாள்.

நான் எழுதப் பழகி ஒரு வருடம்தான். இதை எழுத மதியம் முழுக்க ஆயிற்று. நாற்பது வருட ரகசியத்தை ஊருக்கே சொல்லிவிட்டேன். திட்டவாவது வருவாள் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

நீங்கள் யாராவது வந்தால், வாசலிலேயே உங்கள் பேரைச் சொல்லிவிடுங்கள். காலடிச் சத்தம் மட்டும் கேட்டால், அவள்தான் என்று நான் எழுந்து ஓடிவிடுவேன்.