செல்வராணி அக்கா சொன்ன விடை

போன செவ்வாய்க்கிழமை, பாலசமுத்திரத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்குப் போன் வந்தது. எங்கள் நாடகக் குழுவின் பபூன் ஆரோக்கியம் மாமா பேசினார். "பாப்பா, செல்வராணி போயிட்டா. மஞ்சக்காமாலை. அப்பாகிட்ட நீயே வந்து சொல்லு, எனக்கு வாய் வரல." அப்பா இதை எப்படித் தாங்குவார் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவுக்காக அழுதது அதற்குப் பிறகுதான். அக்காவை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் அவரோடு ஒரே வேனில் வந்தவர்கள். உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. இருபது வயதிலிருந்து நான் அவர்மீது பொறாமைப்பட்டேன்.

அக்காதான் ஸ்திரீபார்ட், நாடகத்தின் நாயகி. அப்பா ஆர்மோனியம். நான் காந்திகிராமத்தில் படித்த தொண்ணூறுகளின் கடைசியில், அம்மா இல்லாத வீட்டில் என்னைத் தனியே விட முடியாமல், விடுமுறைகளில் அப்பா வேனில் ஏற்றிக்கொள்வார். உடுப்புப் பெட்டியின் மேல் எனக்கு இடம். ஜன்னலோரம் அக்காவுக்கு.

அவர் ஏறியதும் அப்பா, "ஒரு வார்த்தை பேசு தாயி" என்பார். "வந்துட்டேண்ணே, கெளம்பலாம்" என்பார் அக்கா. அந்த ஒரு பேச்சிலேயே அன்றைய தொண்டையை அப்பா கணித்துவிடுவார். "இன்னைக்குச் சுருதிய அரைக்கட்டை கொறைச்சுக்கிறேன்" என்பார். அது ஒருநாளும் தப்பியதில்லை.

ஒருமுறை எனக்கு மூன்று நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. அக்காதான் கேட்டார்: "ஏண்ணே, எந்தொண்டையை அம்புட்டுக் கவனிக்கிறீகளே, பெத்த பிள்ளைக்குத் தொண்டை கட்டிக் கெடக்கே, அது காதுல விழலையா?"

"அவ என்னைக்குப் பேசுனா, கட்டுனது தெரிய?" என்றார் அப்பா.

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபம் என்னவோ அக்காமேல்தான் வந்தது.

மேடையில் நாயகனான ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கேள்வியும் பதிலுமாக மோதும் பகுதியைத் தர்க்கம் என்போம். அதற்குப் புதிய கேள்விகளை அப்பா ஒரு நோட்டில் எழுதித் தருவார். அக்காவுக்கு எழுத்து தெரியாது. வேனில் நான்தான் படித்துச் சொல்வேன். இரண்டு முறை படித்தால் போதும், அவருக்கு மனப்பாடமாகிவிடும். வாய்ப்பாடு மாதிரி நான் ஒப்பித்ததை அவர் திருப்பிச் சொல்லும்போது, ஓட்டுநர்கூட ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். படித்தவள் நான், சொல் அவருடையதாகிவிடும்.

நான் பி.ஏ. தேறிவிட்டேன் என்று தெரிந்த நாளில் அய்யலூரில் நாடகம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வேனில் அப்பாவிடம் சொன்னேன். அக்கா அப்போதுதான் ஏறியிருந்தார், அவர் காதிலும் அது விழுந்தது. "செத்த நேரம் இரு பாப்பா" என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, அப்பா அவர் பக்கம் காதைக் கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பவே இல்லை.

அன்று ஆட்டுச்சந்தை. ஆடு ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் வேன் நகராமல் நின்றது. நோட்டை எடுத்துப் படித்தேன். ஒரே ஒரு கேள்வியை, அதன் விடையோடு, வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மேடையில் அவர் ஒருமுறையாவது வாயடைத்து நிற்க வேண்டும். அதை அப்பா பார்க்க வேண்டும்.

ராஜபார்ட் அந்தக் கேள்விக்கு வந்தார்: "ஊருக்கெல்லாம் அறிவு சொல்லும், தான் மட்டும் வாய் திறக்காது. அது எது, பெண்ணே?"

நோட்டிலிருந்த விடை, புத்தகம். அக்காவுக்கு அது கேட்டிராத கேள்வி. படுதாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பாடம் படிச்சுச் சொல்ற பிள்ளைதான். இன்னைக்கு பி.ஏ. பாஸாயிருக்கா. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கு, இந்த அம்மா வாயத் திறக்க மாட்டாக!"

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அப்பா ஆர்மோனியக் கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பட்டம் அப்பாவின் காதில் விழுந்தது அக்காவின் குரலில்தான்.

மறுநாள் வேனில் அக்கா நோட்டை என் மடியில் போட்டார். "நேத்து தாண்டுனியே, அந்த எடத்தக் காட்டு." காட்டினேன். நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அங்கே அழுத்தி வைத்தார். "எழுத்து தெரியாட்டிப் போகுது, பொட்டு தெரியும்ல. இனித் தாண்டுனா கண்டுபிடிச்சிருவேன். ம், படி." அப்பாவிடம் அவர் சொல்லவில்லை. வேறு யாரிடமும் அந்த நோட்டைப் படிக்கக் கொடுக்கவும் இல்லை.

செவ்வாய் மாலை திண்டுக்கல் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து, "படி" என்றார். பொட்டு வைத்த இடம் வந்தது. நிறம் மங்கிப் பழுப்பாகியிருந்தது. "புத்தகம்" என்று படித்தேன்.

"அது இல்ல. அவ சொன்னதச் சொல்லு."

என் வாயால் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் கேட்டது என் குரலை அல்ல என்பது எனக்குத் தெரியும்.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது. என்னை வைத்து அவர் சொன்ன அந்த விடையை அவரைப் போலச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.