பஸ் ஸ்டாண்டு வரை துரத்தி வந்த கேள்வி

போன வருடம் ஆனி மாதம், காரைக்காலில் நடந்தது இது. வீடு பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனால் அன்று வீடு பார்த்ததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம்.

நான் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தைந்து வயதில், போதுமடா சாமி என்று வேலையை விட்டுவிட்டு, சாயங்காலம் மட்டும் ஆன்லைனில் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பாதி வேலை, பாதி ஓய்வு. சம்பளமும் பாதி. வாடகை மட்டும் பாதியாகவில்லையே! அதனால் செலவு குறைந்த சின்ன ஊராகத் தேடி அலைந்தேன். கும்பகோணம் பார்த்தேன், மயிலாடுதுறை பார்த்தேன். எந்த ஊரிலும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் உப்பு, இன்னொன்றில் கொசு. எல்லாம் சரியாக இருந்த வீட்டிலோ, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு படபடப்பு.

காரைக்கால் என்றதும் என் தம்பி சிரித்தான். "பெட்ரோல் விலை கம்மின்னு போறியா, இல்ல வேற ஏதாச்சும் கம்மின்னு போறியா?" என்றான். போடா என்று போனை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அங்கே ஓர் ஆட்டோக்காரர் வீடு காட்டினார். முதல் இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி, "சார் வரலீங்களா?" சார் என்று யாரும் இல்லை என்றதும், சொல்லிவைத்தாற்போல், "யோசிச்சுச் சொல்றோங்க". மூன்றாவது வீட்டுக்குப் போகும்போதே எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது.

அது பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. வீட்டுக்கார அம்மா கீழே தனியாக இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். பையன் பிரான்சில். மாடியைத்தான் வாடகைக்கு விடுகிறார். போய்ப் பார்த்தேன். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. வாடகையும் கட்டுப்படியாகும். இறங்கி வந்ததும் அந்த அம்மா, வேலைக்கு வரும் பெண்ணிடம் காபி கொடுக்கச் சொன்னார். சார் எங்கே என்று கேட்கவே இல்லை. அப்பாடா என்று கண்ணாடியைக் கழற்றி வைத்து, வியர்வையைத் துடைத்தேன். ஆரம்பித்தார் பாருங்கள்!

"அடிக்கடி ஊருக்குப் போவீங்களா டீச்சர்?"

"டிவி சத்தமா வைப்பீங்களா?"

"போனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்குவீங்களா?"

"படுத்தா அசந்துடுவீங்களா, இல்ல சின்னச் சத்தத்துக்கே முழிப்பு வந்துடுமா?"

எனக்கு வந்ததே கோபம்! நான் எப்படித் தூங்கினால் இவருக்கு என்ன? தனியாக இருக்கும் பொம்பளை என்றால் ஆளாளுக்கு வேவு பார்ப்பார்களா? "வீடு கேட்டு வந்தேனா, ஜெயிலுக்கு வந்தேனா?" என்று கத்திவிட்டு, காபியைத் தொடாமல் விறுவிறுவென்று வெளியே வந்து ஆட்டோ ஏறிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலும் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் ஏறினேன், இறங்கினேன், தண்ணீர் வாங்கினேன், மறுபடி ஏறப் போனேன். அடுத்து எந்த ஊர் என்று யோசித்தால் ஒன்றும் ஓடவில்லை. பஸ் போர்டுகூட மங்கலாகத் தெரிந்தது. கோபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது என்னை இறக்கிவிட்ட அதே ஆட்டோ திரும்பி வந்து நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா இறங்கினார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே பேசியதால் நான் அதைக் கவனிக்கவில்லை. கையில் என் மூக்குக் கண்ணாடி.

"இதை விட்டுட்டு வந்தா எந்த பஸ்ஸுன்னு எப்படிங்க தெரியும்?" என்று நீட்டினார். மூச்சு வாங்கியது. "இன்னும் ஒரு கேள்வி பாக்கி டீச்சர். கேட்டுட்டுப் போயிடுறேன். நான் கீழேருந்து கூப்பிட்டா, இறங்கி வருவீங்களா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சில் உட்கார வைத்தேன். அப்புறம்தான் சொன்னார். முந்தைய மழைக்காலத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். மாடியில் ஒரு குடும்பமே இருந்திருக்கிறது. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டும், டிவி சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. மறுநாள் காலையில் வந்த பால்காரர் முனகல் கேட்டுக் கூச்சல் போட்ட பிறகுதான் ஆட்கள் வந்தார்களாம்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா, இந்தம்மாவைப் பாத்துக்கணும் போலருக்குன்னு ஓடிடுறாங்க. பையன்கிட்டயே முழுசா சொல்லலீங்க. கையோட கூட்டிட்டுப் போயிடுவான். அந்தக் குளிர்ல எனக்கு யாரு இருக்கா?"

அழுதுவிட்டேன். அவருக்காக மட்டும் அழவில்லை. குளிக்கப் போகும்போதெல்லாம் நானும் போனை உள்ளே எடுத்துக்கொண்டு போவேன். பாட்டுக் கேட்க என்று தோழிகளிடம் சொல்வேன். ஒரு நாளும் பாட்டுக் கேட்டதில்லை. விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற பயம்தான். தண்ணீர், கொசு, வாடகை என்று ஊர் ஊராகக் குறை சொல்லித் திரிந்தேனே, அத்தனைக்கும் அடியில் இருந்தது இந்தப் பயம்.

"இறங்கி வரேம்மா. நான் கூப்பிட்டா நீங்க மாடி ஏறி வருவீங்களா?" என்றேன்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? தெருவையே கூப்பிட்டு அனுப்புறேன், போதாதா?" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பஸ் என்னை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

அந்த மாடிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. கொசு இங்கேயும் உண்டு. தினமும் காலையில் கீழேயிருந்து, "டீச்சர், எழுந்தாச்சா?" என்று குரல் வரும். "ஆச்சும்மா" என்பேன். குளிக்கப் போகும்போது போனை எடுத்துக்கொண்டு போவதை எப்போது விட்டேன் என்று எனக்கே நினைவில்லை.